சனிக்கு ஒரு ஸ்பாட் இன்ஸ்பெக்‌ஷன்

ருக்மிணி பியூசி கணக்கில் கோட்டை விட்டதற்குக் காரணம் சனி. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைப் புகழ்ந்துவிட்டு ஆளுக்கொரு திசையில் மறைந்துபோனதற்கும் சனி. மார்கோசா ரோடு திருப்பத்தில் அவள் ஸ்கூட்டியை ஒரு ஆட்டோ இடித்ததே, அதற்கும் சனிதான். ஆட்டோக்காரர் போனில் மைத்துனரோடு சண்டை போட்டுக்கொண்டே ஓட்டினார் என்பது உபரித் தகவல். ஒருநாள் உறை ஊற்றிய பால் தயிராகாமல் முரண்டு பிடித்தபோதுகூட வீட்டில் எல்லாரும் ஒரு கணம் ருக்மிணியைத்தான் பார்த்தார்கள். வானத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

மீன ராசி, ரேவதி நட்சத்திரம். முதல் ஏழரை இருபதுகளில் வந்து கல்யாணத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போனதாகக் குடும்பத்தின் தீர்ப்பு. ஐம்பது தாண்டியதும் இரண்டாவது ஏழரை வந்தது. இப்போது அதன் நட்டநடுவில் ஜன்ம சனி. அதாவது ஆசாமி வாசலில் நிற்கவில்லை, கூடத்து சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவர்கள் ஐயங்கார்கள். பெருமாள் சந்நிதியைத் தவிர வேறு படி மிதிக்காத வம்சம். அந்தக் கோயில்களில் நவக்கிரகத்துக்கு இடமே கிடையாது. ஆனால் கும்பிடுவதற்குத்தான் சம்பிரதாயம் குறுக்கே நிற்கும். பயப்படுவதை எந்தச் சம்பிரதாயமும் தடுப்பதில்லை. ருக்மிணியின் அண்ணா சீனிவாசராகவனுக்கு வாரம் பூரா முட்டிவலி, சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வாக்கிங். திரும்பி வரும்போது விரலில் நல்லெண்ணெய் வாசனை. எங்கே போய் வந்தார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை.

அந்தச் சிவன் கோயிலில் அவர் சனி சந்நிதிக்கு நேராக நிற்கமாட்டார். நேர்ப் பார்வை படக்கூடாது, ஓரமாக ஒதுங்கி நின்றுதான் கும்பிட வேண்டும் என்பது ஊரறிந்த வழக்கம். சீனிவாசராகவனுக்கு அந்த வித்தை கைவந்த கலை. அரசாங்க இலாகாவில் உத்தியோகம் பார்த்த காலம் முழுக்க எந்தப் பிரச்சினைக்கும் அவர் நேர் எதிரே நின்றதில்லை. 'பரிசீலிக்கலாம்' என்று எழுதிவிட்டு ஓரமாக நகர்ந்து நகர்ந்தே ரிடையர் ஆனவர்.

ருக்மிணி வேறு மாதிரி வளர்ந்துவிட்டாள். அதற்கு அவள் ஆபீஸ் காரணம். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வண்டி விபத்துப் பிரிவு. காரின் மேல் தேங்காய் விழுந்தது என்று ஒருவர் வந்தால், காரைப் பார்த்த பிறகு மரத்தைப் பார்க்கப் போவாள். மாடு முட்டியது என்றால் மாட்டைக் காட்டச் சொல்வாள். யஷ்வந்தபுரத்தில் ஒரு வியாபாரி அப்படிக் காட்டிய மாட்டுக்குக் கொம்பே இல்லை. நேரில் பார்க்காமல் எதையும் பாஸ் பண்ணமாட்டாள் என்பதால் ஆபீசில் அவளுக்குப் பட்டப்பெயர் 'ஸ்பாட்' மேடம். பதவி உயர்வு தாமதமானது. அதற்கும் சனி என்றார் அண்ணா.

இப்படிப்பட்டவள் தன் சொந்தக் கேஸில் மட்டும் குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காமலே ஐம்பது வருஷத்தைக் கழித்துவிட்டாள். பார்க்க முடியும் என்று யாரும் சொல்லவில்லை.

மல்லேஸ்வரத்தில் அப்பாவின் பழைய வீட்டை இடித்துக் கட்டிய அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடியில் அவள் வீடு, எதிர்க் கதவு அண்ணாவுடையது. மழை விட்ட ஒரு சாயங்காலம் மொட்டைமாடிக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். தென்கிழக்கில், கொடிக் கம்பிக்கு மேலே, வெளிறிய மஞ்சளில் ஒரு புள்ளி. பெங்களூரின் விளக்குகள் நட்சத்திரங்களை எப்போதோ காலி செய்துவிட்டன. இது மட்டும் வாடகைக்கு வந்து வீட்டைப் பிடித்துக்கொண்ட ஆள் மாதிரி நகர மறுத்தது. மினுக்கவும் இல்லை. நட்சத்திரம் என்றால் கண் சிமிட்ட வேண்டாமோ? கூட நின்ற அண்ணா மகள் அம்ருதா, மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவள், போனை வானத்துக்குக் காட்டினாள். போன் சொன்னது: சனி.

ருக்மிணி கையிலிருந்த தலையணை உறையோடு அப்படியே நின்றாள். போன வருஷமும் இதே காலத்தில் இதே புள்ளியை இங்கே பார்த்திருக்கிறாள். அதற்கு முந்தைய வருஷமும். இத்தனை நாளும் நேருக்கு நேராகத்தான் நின்றிருக்கிறார்கள், அறிமுகம்தான் இல்லை.

"மறைஞ்சுண்டு இருக்கான்னு நெனச்சேன்டி. நம்ம கொடி மேலயேன்னா நிக்கறான்."

அடுத்த வாரம் டெலஸ்கோப் வந்தது. பெரிய அட்டைப்பெட்டி. பெட்டியின் மேல் வளையம் போட்ட சனியின் படம், கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் மாதிரி. அம்ருதா ஸ்குரூ முடுக்கினாள். கெட்டியான குழாய், மூன்று கால். வானத்திலிருந்து வரும் ஒளியைக் குழாயின் அடியில் உள்ள கண்ணாடி திரட்டி மேலே அனுப்பும். மேலே சாய்வாக இருக்கும் சின்னக் கண்ணாடி அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். கண்ணை வைக்கிற துவாரம் குழாயின் விலாவில் இருந்தது. இந்தச் சின்ன விவரம் பின்னால் பெரிய அரசியல் ஆகப்போகிறது.

முதலில் நிலாவைக் காட்டினாள். அபார்ட்மென்ட்டே மேலே ஏறி வந்தது. பாதி நிலாவின் விளிம்பில் பள்ளங்களைப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் நம்ம பெங்களூர் கார்ப்பரேஷன் ரோடு மாதிரியே இருக்கிறது என்றார்கள். சந்திரனோடு யாருக்கும் பகையில்லை. அசோசியேஷன் செயலாளர் கணேசமூர்த்தி, ஈரோட்டிலிருந்து வந்து ஐ.டி.யில் மேனேஜர் ஆனவர், ருக்மிணியைப் பாராட்டி அபார்ட்மென்ட் வாட்ஸாப் குரூப்பில் எழுதினார். கூடவே ஒரு வேண்டுகோள்: அடுத்து குருவை வையுங்கள், குரு பார்வை எல்லாருக்கும் நல்லது.

குரு இந்த சீசனில் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் உதிக்கிறார் என்றாள் ருக்மிணி.

"கொஞ்சம் முன்னாடி ரீஷெட்யூல் பண்ண முடியாதுங்களா, மேடம்?"

முடியாது என்று தெரிந்ததும் அவர் முகம், வெண்டர் கைவிரித்த முகம் ஆயிற்று. அந்த நேரம் பார்த்து ருக்மிணி உண்மையைச் சொன்னாள். வரும் சனிக்கிழமை சாயங்காலம் சனியைப் பார்க்கப்போகிறேன், பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம் என்று குரூப்பில் போட்டாள். கைதட்டும் பொம்மைகள் வரவில்லை. கும்பிடும் பொம்மைகள் வரிசையாக வந்தன.

மறுநாள் சம்ப் மோட்டார் புகைந்தது. அதற்கடுத்த நாள் நான்காவது மாடிக்காரரின் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பியது. இவரோடு இன்னும் எத்தனையோ பேரை அனுப்பியிருந்தது, அவர்கள் யாரும் மல்லேஸ்வரத்தில் இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. அப்புறம் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றது. கணேசமூர்த்தி தொழில் தர்மப்படி இவற்றுக்கு 'ரூட் காஸ் அனாலிசிஸ்' செய்தார். மோட்டார் பழசு, லிஃப்ட்டுக்குச் சர்வீஸ் ஆகவில்லை என்பவை உபகாரணங்கள். மூல காரணம் மூன்றாவது மாடியில் மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது.

அசோசியேஷன் கூட்டம் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், டிரேயில் பிஸ்கட். தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு, ஆனாலும் எதற்கு வம்பு என்று ஒவ்வொருவராக முடித்தார்கள். ருக்மிணி எழுந்தாள். டெலஸ்கோப் வேண்டாம், விடுங்கள். சாயங்காலம் துணி எடுக்கப் போகிறீர்களே, தென்கிழக்கில் கொடிக்கு மேலே மினுக்காமல் நிற்கிறாரே, அவர்தான். நீங்கள் எல்லாரும் வருஷக்கணக்காக அவருக்கு எதிரே நின்று பெட்ஷீட் மடித்துக்கொண்டிருக்கிறீர்கள், என்ன ஆகிவிட்டது என்று கேட்டாள்.

நல்ல வாதம். கோர்ட்டாக இருந்தால் ஜெயித்திருக்கும். அன்றைக்கு மறுநாளிலிருந்து சாயங்காலம் மொட்டைமாடிக்கு ஒரு பூச்சிகூடப் போகவில்லை. வீட்டுக்கு வீடு பால்கனியில் போர்வை தொங்கியது. கணேசமூர்த்தி மாடிக் கதவுக்கு ஒரு புதுப் பூட்டும் போட்டுவிட்டார். துணிகளின் பாதுகாப்புக்காக என்றார்.

இந்த இடத்தில்தான் சீனிவாசராகவன் உள்ளே வந்தார். ஓரமாகத்தான்.

அவர் ஒருநாள் தங்கை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டெலஸ்கோப்பையே வெகுநேரம் பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம் கணேசமூர்த்தியைக் கூப்பிட்டு அனுப்பினார். தம்பி, குழாய்தான் சனியைப் பார்க்கிறது. நாம் அதற்குப் பக்கவாட்டில் நின்று, கண்ணாடியில் விழுந்து, இன்னொரு கண்ணாடியில் திரும்பி வரும் பிரதிபிம்பத்தைத்தானே பார்க்கிறோம், இது எப்படி நேர்ப் பார்வை ஆகும் என்றார். கோயிலில் ஓரமாக நிற்பதைவிட இது இன்னும் சிலாக்கியம் என்றார். கணேசமூர்த்தி அசந்துபோனார். கம்பெனியில் இப்படி ஒரு ஆள் இருந்தால் எத்தனை ஆடிட்டை ஜெயித்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மறுபடி கூட்டம், மறுபடி பிஸ்கட். தீர்மானம் தயார். டெலஸ்கோப் அனுமதிக்கப்படுகிறது. பக்கத்தில் எள் தீபம் ஏற்ற வேண்டும். குழாய்க்குக் கறுப்புத் துணி சாத்த வேண்டும். நிகழ்ச்சியின் பெயர் 'மறைமுக தரிசனம்'. எல்லாரும் பார்க்கலாம். கடைசியில் ஒரு சின்ன ஷரத்து: ருக்மிணி மேடத்துக்கு ஜன்ம சனி நடப்பதால் அவர் கருவியை இயக்கலாம், கண் வைக்கக் கூடாது. எல்லாருடைய நன்மைக்காகவும், அவருடைய நன்மைக்காகவும்.

கூட்டம் கைதட்டியது. சீனிவாசராகவன் தங்கையைப் பெருமையோடு பார்த்தார். தங்கைக்கும் அசோசியேஷனுக்கும் நடுவிலிருந்த மலையை அவர் ஒரு ஷரத்தால் தாண்டிவிட்டார் அல்லவா.

ருக்மிணி டிரேயிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்தாள். நிதானமாகத் தின்று முடித்தாள்.

"அண்ணா, அடிபட்டவ நான். ஊர்ல இருக்கறவா எல்லாம் வரிசையா வந்து இடிச்ச வண்டியப் பாக்கணும், நான் மட்டும் டார்ச் புடிக்கணும். அதானே?"

"உன் நல்லதுக்குத்தான்டி ருக்கு."

"என் நல்லதுக்குன்னு சொல்லிச் சொல்லியே என்னைத் தவிர எல்லாரும் நன்னா இருக்கேள்."

கணேசமூர்த்தி குறுக்கிட்டு, மேடம், இது வின்-வின் என்றார். அப்படியானால் இரண்டு வின்னையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ருக்மிணி படியேறிப் போனாள். எள் தீபம் இல்லை, கறுப்புத் துணி இல்லை, மறைமுகமும் இல்லை. பார்த்தால் நான் முதலில் பார்ப்பேன், இல்லையென்றால் உங்கள் மாடியே எனக்கு வேண்டாம் என்பது அவள் மாடிப்படித் திருப்பத்திலிருந்து சொன்னது. பேஸ்மென்ட்டில் எதிரொலி நன்றாகவே இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை தெருவில் கடலேகாய் பரிஷெ. வருஷத்துக்கொரு தடவை மல்லேஸ்வரம் முழுக்க வேர்க்கடலை குவிந்து, நடக்க இடமில்லாமல், காலுக்கடியில் தோல் நொறுங்கும் திருவிழா. ஊதல்காரர்கள், பலூன்காரர்கள், கரும்பு, வளையல், சீரியல் பல்பு தோரணம். இதைவிட மோசமான இடத்தை ஒரு வான ஆராய்ச்சிக்காரர் கனவிலும் தேர்ந்தெடுக்கமாட்டார். ஆறரை மணிக்கு ருக்மிணி குழாயைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டும், அம்ருதா முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டும் அதற்குள் சரியாகியிருந்த லிஃப்ட்டில் இறங்கி கேட்டைத் தாண்டி நடைபாதைக்கு வந்தார்கள். மன்னி பால்கனியிலிருந்து, பெண்ணையாவது விட்டுவிட்டுப் போகக்கூடாதா என்று கேட்டது பரிஷெ இரைச்சலில் அமுங்கிப்போனது.

இடம் கொடுத்தவள் ஒரு கடலைக்காரி. பாவகடாவிலிருந்து லாரியில் மூட்டையோடு வந்தவள். ஒரு மூட்டையை நகர்த்தி, கேமராவா என்று கன்னடத்தில் கேட்டாள். சனியைப் பார்க்கிற குழாய் என்று ருக்மிணி ஒளிக்காமல் சொன்னாள். அவள் பயந்து மூட்டையைத் திரும்ப இழுத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னாள். பாவகடாவில் சனி மகாத்மாவுக்குப் பெரிய கோயில் இருப்பது அவளுக்கு அந்த நேரத்தில் நினைவில்லை.

"நம்ம ஊரவரு" என்றாள் கடலைக்காரி. ஊர்க்காரரை வெளியூரில் பார்க்கிற சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது.

மேலே மேகம் கிழிந்து கிழிந்து போய்க்கொண்டிருந்தது. சீரியல் பல்பு ஒரு பக்கம், தெருவிளக்கு ஒரு பக்கம். ஆனாலும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, மொபைல் டவருக்கு மேலே, அந்த மஞ்சள் புள்ளி அசையாமல் நின்றது. கிரகங்களுக்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? பிரகாசமான கிரகம் கடைத்தெருவிலும் தெரியும். பார்க்கிறவர்கள் நிமிர வேண்டும், அவ்வளவுதான். அம்ருதா குழாயைத் திருப்பினாள், குறிபார்க்கும் சிவப்புப் புள்ளியை அந்த மஞ்சள் புள்ளியின் மேல் வைத்தாள், விலகி நின்றாள்.

ருக்மிணி உடனே குனியவில்லை. முதலில் குழாய் இல்லாமல், வெறும் கண்ணால், முகத்தைத் தூக்கி நேராகப் பார்த்தாள். பாரபட்சம் இருக்கக் கூடாது பாருங்கள். அப்புறம் துவாரத்தில் கண் வைத்தாள்.

வளையம் இல்லை.

பெட்டிமேல் அத்தனை ஜம்பமாகப் போட்டிருந்த வளையம் இல்லை. சின்னதாக ஒரு மஞ்சள் மணி. அதன் நடுவே ஒரு ஊசி குத்தியது போல, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டு, மெல்லிய கோடு. சற்றுத் தள்ளி, தூசி மாதிரி ஒரு வெளிச்சப் பொட்டு. குழாயின் கோளாறா, கண்ணின் கோளாறா, அல்லது அண்ணா சொன்னபடியே சனி அவளைப் பார்த்ததும் எதையோ கழற்றி வைத்துவிட்டாரா? அவள் கேட்டதும் அம்ருதா போனைத் தட்டி வாசித்தாள். அந்தப் பொட்டு சனியின் பெரிய நிலா, டைட்டன். வளையம் எங்கேயும் போகவில்லை. ஏறக்குறைய பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவை அதன் விளிம்பு மட்டும் நமக்குத் தெரிகிற மாதிரி சனி நிற்கிறது. அப்போது வளையம் கோடாக மெலிந்துவிடும். இந்த வருஷம் அந்த வருஷம்.

"அதாவது அத்தை, வளையம் நமக்குப் பக்கவாட்டா இருக்கு."

ருக்மிணி நிமிர்ந்து அண்ணா மகளைப் பார்த்தாள். மறுபடி குனிந்து துவாரத்தில் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கடலைக்காரி அளக்கும் படியை வைத்துவிட்டு என்ன என்று எட்டிப் பார்த்தாள், பலூன்காரர் திரும்பினார். நேருக்கு நேர் பார்த்துக் கணக்குத் தீர்க்க வந்தவள் எதிரே, அந்தப் பெரிய மனுஷர் அவள் அண்ணாவைப் போலவே ஓரமாகத் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

அப்புறம் கடலைக்காரி பார்த்தாள். இத்தனை கூட்டத்தில் மகாத்மா ஒரே ஒரு நிலாவோடு நிற்கிறாரே என்று வருத்தப்பட்டாள். கடலை வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு காலேஜ் பையன் வளையம் இல்லாத சனி டூப்ளிகேட் என்று சொல்லிவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒருவருக்குக் கடலை புரையேறியது.

வரிசையில் சீனிவாசராகவன் இருந்ததை ருக்மிணி தாமதமாகத்தான் கவனித்தாள். வாக்கிங் போகிற வேட்டி, கையில் குடை. உன்னை அழைத்துப்போக வந்தேன் என்றார். வரிசையில் நின்றா என்று அவள் கேட்கவில்லை. அவர் முறை வந்தது. உடம்பை ஓரமாகத் திருப்பிக்கொண்டு குழாயை நெருங்கினார்.

"நேரா நில்லு அண்ணா. அவனே ஓரமாத்தான் நிக்கறான். நீயும் ஓரமா நின்னா யார் யாரைப் பாக்கறது?"

அவர் கொஞ்சம் நேரானார். துவாரத்தில் முகத்தை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பாத்தேன், பாத்தேன், நன்னா சேவையாச்சு என்று நிமிர்ந்தார். அவர் இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டிருந்ததை அம்ருதா பார்த்துவிட்டாள். சொல்லவில்லை. அப்பாவுக்கு அந்த வரிசைவரை வந்ததே ரொம்ப தூரம்.

மறுநாள் காலை தண்ணீர் டேங்கர் வரவில்லை. நேற்று நடைபாதையில் நடந்த நிகழ்ச்சியைத் தொடர்ந்து, என்று தொடங்கி கணேசமூர்த்தி குரூப்பில் ஒரு செய்தி போட்டார். கும்பிடும் பொம்மைகள் வரிசையாக வந்தன. ருக்மிணி ஆபீஸ் கிளம்பும் அவசரத்திலும் நின்று பதில் எழுதினாள், பழக்கப்பட்ட நடைதான்:

"சம்பவ இடம் நேரில் பார்வையிடப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் அங்கிருந்து ஏறக்குறைய நூற்று நாற்பது கோடி கிலோமீட்டர் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். மோதியதற்கான அடையாளம் இல்லை. க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது. டேங்கர்காரருக்குப் போன் செய்யவும்."

பொம்மைகள் நின்றுபோயின. அரைமணி கழித்து, யாரோ ஒருவர் டேங்கர்காரரின் நம்பரைப் போட்டார்.

சாயங்காலம் அவள் குழாயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தபோது லிஃப்ட் ஓடவில்லை. இதற்கும் ஒரு காரணம் சொல்வார்கள். ருக்மிணி படியில் இறங்கினாள்.